ஓடைக்கரை மரங்கள் தப்பின: எல்லோருக்கும் நன்றி

நம் ஊர் ஓடைப் பக்கத்து மரங்களை வெட்ட அனுமதி கேட்டிருந்த விண்ணப்பத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. ஓடையை ஒட்டிய மரங்களையும் சதுப்பைச் சுற்றி நிற்கும் சோலை மரங்களையும் தொடக்கூடாது, மேல்சரிவில் உள்ள கற்பூர மரங்களை (யூகலிப்டஸ்) மட்டும் வெட்டிக்கொள்ளலாம். நாம் கேட்டதும் இதைத்தான். வெட்டுவதற்காக மரங்களில் பெயிண்டால் நம்பர் போட்ட அன்றிலிருந்து எல்லோரும் சேர்ந்துதான் அலைந்தோம், அதனால் நடந்த கதையை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கிராம சபையில் தீர்மானம் வரும்வரை எழுந்து போகாத அம்மாக்கள், தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக் கொடுத்த வாத்தியார், ஆய்வு நாளில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்ற இலை பறிக்கும் அக்காமார், ஷூவோடு சேற்றில் இறங்கிப் பார்த்த அந்த அதிகாரி, எல்லோருக்கும் கும்பிடு. பேர் போட்டால் சிலருக்குச் சங்கடம், விட்டுவிடுகிறேன்.

ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லியாக வேண்டும். டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. நம் ஊரும் இல்லை, நம் தண்ணீரும் குடிப்பதில்லை. மனுவோடு இணைக்க எஃப்எம்பி புலப்படங்களை, அதாவது சர்வே துறையின் நில வரைபடங்களை, நகல் எடுக்கப் போயிருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஓடையே தெரியலயே தம்பி, அவங்க எப்படிப் பாப்பாங்க?" என்றார். உண்மைதான். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனித் தாள், ஒவ்வொன்றிலும் ஓடை ஒரு மூலையில் நுழைந்து இன்னொரு மூலையில் வெளியே போகும் ஒரு கோடு, அவ்வளவுதான். விண்ணப்பத்தில் அருகில் நீர்நிலை இல்லை என்று எழுதியிருந்ததை அந்தத் தாள்களை வைத்து மறுப்பது கஷ்டம்.

தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லைகள் பொருந்தவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்தான் கீழே பொடியாக அச்சடித்திருந்த அளவைக் காட்டினார்: ஒன்று 1:1000, இன்னொன்று 1:2000. சின்னதாக இருந்த 1:2000 தாளை 200 சதவீதத்துக்கு, அதாவது இரு மடங்காக, பெரிதாக்கி எடுத்து, ஓரங்களைக் கத்தரித்து, மூலைக்கல் மூலைக்கல்லோடு சேரும்படி ஒட்டி, ஓடை போகும் வழியில் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்து, அதை ஏ3 தாளில் நகல் போட்டுக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நம்பர் போட்ட மரங்களில் பெரும்பாதி அந்த நீலக் கோட்டின் இரு கரையிலும்தான் இருந்தன. வாங்கியது தாளுக்கான காசு மட்டும். ஆய்வுக்கு வந்தவர்கள் மற்ற காகிதங்களையெல்லாம் ஃபைலில் வைத்துவிட்டு இதை மட்டும் கையில் பிடித்தபடி நடந்தார்கள், நீங்களும் பார்த்தீர்கள்.

நேற்று போய்ச் சொன்னேன். யாருடைய ஆதாரையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். "அப்படியா, நல்லதுப்பா" என்றவர், அடுத்த ஆளிடம் "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்கப் போய்விட்டார்.

மலையில் பட்டா நிலமாக இருந்தாலும் மரம் வெட்ட கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1955லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் நம்மை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, நாமாகப் போய்த்தான் கேட்டோம். "இது காடு, இதில் எங்கே ஈரநிலம்?" என்று நக்கலாகக் கேட்டவரும் உண்டு. கோத்தகிரி லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் காடு, 2024இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது என்று நம் பிள்ளைகள் சொன்ன பிறகுதான் அவர் வாயை மூடினார். நாடு முழுக்க மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட 1996 உச்ச நீதிமன்ற உத்தரவே நம் கூடலூர்ப் பக்கத்து மரவெட்டு வழக்கில் வந்ததுதான், அந்த வழக்கைப் போட்டவர் ஒரு தனிமனிதர். இதையெல்லாம் பள்ளியில் ஏன் சொல்லித்தருவதில்லை என்று தெரியவில்லை. 2009 நவம்பர் நீலகிரி மண்சரிவைப் பார்த்த ஊர்கள் நாம், சரிவில் மரம் எதற்கு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனிமேல் ஒவ்வொரு கிராம சபையிலும் மரம் வெட்ட விண்ணப்பம் ஏதாவது வந்திருக்கிறதா என்று எழுந்து கேட்கப்போகிறேன். எரிச்சலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஓடை கீழே போகப்போக இருக்கும் சர்வே நம்பர்களுக்கும் இதேபோல் ஒட்டிய படம் தயார்செய்யலாம் என்று நினைக்கிறேன். கீழ் ஊர்க்காரர்கள் தங்கள் புலப்பட நகல்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் டீக்கடையில் கொடுத்து வையுங்கள். எது எந்த அளவு என்று அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன்.