அது கோதிக் கோவில் இல்லை, பழைமையும் மிச்சமில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இங்கே அட்டனில் உள்ள எங்கள் பங்குக் கோவிலின், அதாவது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின், படத்தைப் போட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "வெள்ளையர் கோதிக் பாணியில் கட்டிய இந்த ஆலயம் பழைமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பொலிவுடன் காட்சி தருகிறது." இதை எழுதியவர் கோவிலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருந்தால்கூட இப்படி எழுதியிருக்க மாட்டார். முப்பத்தைந்து வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். மனது கேட்காமல்தான் எழுதுகிறேன்.

கோதிக் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி கோவிலைப் பார்த்திருப்பீர்கள், கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லாக நிற்கும் புனித பவுல் ஆலயத்தையும் பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் ஜன்னல் வளைவு மேலே போய்க் கூராகக் குவியும். எங்கள் கோவிலில் கூர் வளைவு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் அரைவட்டம். முகப்பில் நான்கு தூண், அதற்கு மேல் முக்கோண முகடு, நடுவில் கோடு போட்டு மடித்தால் இடதும் வலதும் அப்படியே பொருந்தும். கிரேக்க, ரோமக் கோவில்களைப் பார்த்துச் செய்த புதுச்செவ்வியல் முறை அது. கொழும்பு கொட்டாஞ்சேனை லூசியா பேராலயம் பெரிய அளவில் அந்த வழி, எங்களுடையது சின்ன அளவில். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1726இல் முடித்த புனித மார்ட்டின் ஆலயத்தில்தான் தூண் மண்டபமும் அதற்குப் பின்னால் எழும் கோபுரமும் இப்படிச் சேர்ந்து பேர் வாங்கின. 1728இல் அவர் தன் வரைபடங்களைப் புத்தகமாகப் போட்டார், அதை விரித்து வைத்துக்கொண்டு கடல் கடந்த ஊர்களிலெல்லாம் கட்டினார்கள். சென்னை எழும்பூரில் 1821இல் திறந்த புனித அந்திரேயா கோவில் அந்த மார்ட்டின் கோவிலைப் பார்த்துக் கட்டியதுதான். ஆனால் எழும்பூரில் மண் இளகல், அதனால் கிணறு கிணறாக இறக்கி அதன்மேல் அத்திவாரம் போட்டார்கள். சுவரையும் தூணையும் சுண்ணாம்புச் சாந்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கினார்கள். அந்த இரண்டு வேலையும் லண்டனிலிருந்து வந்ததா? நம்முடைய ஆட்களின் கைவேலை.

அதனால்தான் "வெள்ளையர் கட்டிய" என்ற சொல்லும் எனக்கு வலிக்கிறது. வரைபடம் அவர்களுடையது, காசும் பாதி அவர்களுடையது, சரி. என் தாத்தாவின் அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தவர். தூணுக்கு வேண்டிய வளைவுச் செங்கல்லை ஆற்றோரத்தில் அச்சு வைத்து அறுத்துச் சூளை போட்டதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசுவோம். தாத்தா காலத்தில் வருடாவருடம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் மாத்தளைச் சுண்ணாம்பு லொறியில் வரும். கோவிலுக்குப் பின்னால் குழியில் நீற்றி, சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். கொதிக்கிற குழியைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் நாங்கள் போனால் தாத்தா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார்.

இனி "பழைமை மாறாமல்" என்பதற்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோவிலுக்கு மெஷின் உளியோடு ஆட்கள் வந்தார்கள். தூணின் சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். சீமெந்து அடித்து, மட்டக்கோல் வைத்து மேலிருந்து கீழ்வரை நேராக இழுத்து, நெஞ்சு உயரத்துக்குக் குளியலறை டைல் பதித்து, மேலே எனாமல் பெயின்ட் பூசினார்கள்.

நான் சித்திர ஆசிரியனாக இருந்தவன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் அங்கே கூட்டிப்போய், ஏணி வைத்து நூலால் அந்தத் தூண்களை அளக்க வைப்பேன். அடியில் ஓர் அளவு வரும், அங்கிருந்து மேலே ஒரே கணக்கில் குறைய வேண்டியது குறையாது, இடையில் மெல்லப் பருத்து நின்று அப்புறம்தான் ஒடுங்கும். "சேர், கோணலாக் கட்டிட்டாங்களா?" என்று கேட்பார்கள். வெளிவாசல் வரைக்கும் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுவேன். அங்கிருந்து பார்த்தால் தூண் கம்பீரமாக நேராக நிற்கும். முழுக்க நேராகக் கட்டினால் மனிதக் கண்ணுக்கு இடுப்பு வற்றினது போலத் தெரியும் என்று அந்தக் காலத்துக் கிரேக்கருக்கே தெரிந்திருக்கிறது, எங்கள் கொத்தனாருக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது மட்டக்கோல் பிடித்த நான்கு தூணும் இடுப்பு வற்றித்தான் நிற்கின்றன.

அழகு போனது ஒரு பக்கம், கட்டடத்தின் உயிரும் போகிறது. எங்கள் மழையும் பனியும் உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய செங்கல் ஈரத்தைக் குடிக்கும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல மெல்ல வெளியே விடும். சீமெந்தும் டைலும் அந்த வழியை அடைத்துவிடும், தண்ணீர் உள்ளே நின்று உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும். இந்த வருட மழையில் மூன்றாவது தூணில் டைலுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறது. வேலை தொடங்கும்போதே நான் கோவில் நிர்வாகத்தாரிடம் போய்ச் சொன்னேன். "வாத்தியார், அதெல்லாம் உங்க காலம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். உங்கள் பத்திரிகை "புதுப்பொலிவு" என்று போட்டதும் அதை வெட்டிக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இனி நான் என்ன பேசுவது?

சட்டத்திடம் போகலாம் என்றால் அங்கேயும் நமக்கு இடம் குறைவு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் தானாகவே புராதனம் என்று ஏற்கிறது. கண்டி இராச்சியம் விழுந்த நாள் அது. கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்ததே அதற்குப் பிறகு. நூறு வருடம் தாண்டியதை அரசிதழான வர்த்தமானியில் அறிவித்துக் காப்பாற்ற வழி இருக்கிறது, ஆனால் யாராவது கேட்க வேண்டும், பத்திரிகை எழுத வேண்டும். எங்கள் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்துக் கொண்டாடிய மலையகம் 200க்கு நீங்கள் 2023இல் போட்ட சிறப்பிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் படம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது, போட வேண்டியதுதான். இந்தக் கைகள் கட்டிய ஒரு பாலம், ஒரு கோவில், ஒரு ஸ்டேசன் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன், வரவில்லை. மண்சரிவு என்றால், சம்பளப் பேச்சு என்றால், தேர்தல் என்றால் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது உங்களுக்கு.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், "கோதிக்" என்பதையும் "பழைமை மாறாமல்" என்பதையும் எடுத்துவிட்டு. பலகையில் ஒட்டியிருப்பதற்குப் பக்கத்தில் அதை நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன். முடிந்தால் இத்துடன் அனுப்பும் படத்தையும் போடுங்கள். 1968இல் என் தங்கை முதல் நன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, வாங்கிய அன்றைக்கு எடுத்தது. பிள்ளைகளின் தலைக்கு மேலே முதல் இரண்டு தூணும் அடியிலிருந்து முடிவரை தெளிவாகத் தெரிகின்றன. பூச்சைக் கொத்துவதற்கு முந்தைய தூண்கள் தெரிகிற படம் என்னிடம் இது ஒன்றுதான். தயவுசெய்து பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள், முத்திரை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
அட்டன்.