தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள்

கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜனுக்குச் சிலை வைக்கும் குழுவினருக்கு,

சிங்கப்பூரிலிருந்து வணக்கம். சிலை எப்போது வந்திறங்கியது, எந்தப் பிரமுகரின் தேதிக்காகத் திறக்கப்படாமல் தார்ப்பாய்க்குள் காத்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இங்கே தேக்கா சந்தையில் டீ குடித்துக்கொண்டே நாங்கள் பத்துப் பேர் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்: தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தேன். 22ஆம் தேதி ராமானுஜன் பிறந்தநாள், கட்டாயம் திறந்துவிடுவார்கள் என்று என் பெரியப்பா நம்பினார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வயது 84. காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, சாமந்தி மாலையோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். போய்ப் பார்த்தால் நீலத் தார்ப்பாய், கழுத்தில் சணல் கயிறு. அரை மணி நேரம் வெயிலில் நின்றார். "யாராச்சும் வருவாங்கடா" என்றார். யாரும் வரவில்லை. கடைசியில் தார்ப்பாய்க்கு மேலேயே மாலையைப் போட்டார். "உள்ளே யாரு தாத்தா?" என்று என் மகள் கேட்டாள். வீடு வரும்வரை அவர் பேசவே இல்லை.

பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கல்வெட்டையும் படித்தேன். குழுவினர் பெயர்கள் பதினான்கு வரி, ராமானுஜனுக்கு ஒரு வரி. ஸ்லேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர், கருங்கல்லில் கூடுதல் இடம் கேட்டிருக்க மாட்டார்தான்.

சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளே முதுமையில் கேட்டார். அப்போதும் வெளிநாட்டுக் கணித அறிஞர்கள்தான் முன்வந்து, பால் கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பியிடம் மார்பளவுச் சிலை செய்து அவருக்குக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முன்பின் தெரியாத அந்தக் குமாஸ்தாவுக்கு ஹார்டி பிப்ரவரி 8ஆம் தேதியே பதில் எழுதினார். அது கப்பல் தபால் காலம். அக்டோபரில் நான் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பிரமுகர் வரட்டும், வராமல் போகட்டும். ஏப்ரல் 26 ராமானுஜனின் நினைவு நாள். அதற்குள்ளாவது தார்ப்பாயை அவிழ்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். மார்ச் பள்ளி விடுமுறைக்கு வருகிறேன், பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு, கயிறறுக்க ஒரு கத்தியோடு.

இப்படிக்கு,
உங்கள் நன்கொடை ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவன்