மே அம்மா கல்லறைக்குப் போய் வந்தேன்

மூணாறு,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். தம்பியும் பிள்ளைகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். செவ்வாய்க்கிழமை மூன்று தடவை, வெள்ளிக்கிழமை இரண்டு தடவை போன் அடித்தேன். வேலையாக இருந்திருப்பாய். கடைசியில் மாப்பிள்ளைதான் எடுத்து, "தூங்குறா மாமா" என்றார். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம் என்று நான் கேட்கவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். அதுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. தலைக்குக் குளித்தால் உடனே துவட்டு, ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே உட்காராதே. இதெல்லாம் உன் அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரிந்த மாதிரி நான் சொல்கிறேன்.

இன்றைக்குத் தமிழ் ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏறினேன். முட்டி விடவில்லை, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். வாசலில் நிற்கிற பன்னீர் ரோஜாவில் நாலு பூ பறித்துக் கொண்டுபோயிருந்தேன். அம்மா போய் மூன்று வருஷமாகிறது, அதிலிருந்து மே அம்மா கல்லறைக்கு நம் வீட்டிலிருந்து யாரும் பூ கொண்டுபோகவில்லை. புல் கெண்டைக்கால் உயரத்துக்கு நின்றது. கையாலேயே பிடுங்கினேன். கல்லில் பாசி படிந்து எழுத்து மூடியிருந்தது. துண்டை நனைத்துத் துடைத்தேன், ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது.

சின்னப் பிள்ளையில் நீ கேட்பாய், "இந்த மே அம்மா நமக்கு என்ன சொந்தம்? ஏன் எல்லா ஈஸ்டருக்கும் இவங்களுக்குப் பூ?" என்று. அம்மா பதில் சொல்ல மாட்டாள். நான்தான் கதை சொல்லிச் சமாளிப்பேன். அந்தக் கதை உனக்குப் பாடம். ஆனாலும் இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது அது வேறு மாதிரி கேட்டது. அதனால் ஒருதரம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மன்றோ துரை பூஞ்சாறு ராஜாவிடம் இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினது 1877. மூன்று வருஷம் கழித்து ஷார்ப் துரை பார்வதி என்கிற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். அதுவரைக்கும் இங்கே முதுவர் என்கிற மலைவாசிக் குடிகளும் யானையும்தான். நம் ஆட்கள் போடிக்கு வந்து, அங்கிருந்து மலையேறி, தலைச்சுமையோடு வந்து காட்டை வெட்டினார்கள். டாப் ஸ்டேஷனுக்கு ரோப்வே வந்ததெல்லாம் பிறகு. அந்தக் காலத்தில் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனிக்கு முதல் ஜெனரல் மேனேஜராக வந்தவர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட். அவர் மனைவிதான் எலனார் இசபெல் மே. கல்யாணமான புதுசு. வயது 24. மலைக்கு வந்து, ஒருநாள் புருஷனோடு நடக்கப் போனபோது இந்த மேட்டில் நின்று பார்த்துவிட்டு, "நான் செத்தால் என்னை இங்கேயே வையுங்கள்" என்று சொன்னாள் என்பார்கள். வாய்வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறோம். சொன்ன சில நாளிலேயே காலரா கொண்டுபோய்விட்டது. 1894 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் கேட்ட இடத்திலேயே வைத்தார்கள். அப்போது அங்கே கோயில் கிடையாது. அவளுக்குப் பக்கத்தில் பிறகு காய்ச்சலில் போனவர்கள், விபத்தில் போனவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து படுத்தார்கள். கோயிலுக்குக் கல் வைத்தது 1910, திறந்தது 1911 ஈஸ்டருக்கு. பதினாறு வருஷம் அந்த மேட்டில் கல்லறை மட்டும்தான். ஊரில் எங்கேயும் கோயில் கட்டிவிட்டுத்தான் கல்லறைத் தோட்டம் வைப்பார்கள். நம் கோயிலில் அடக்கப் பதிவேட்டில் முதல் பெயர் எழுதி அத்தனை வருஷம் கழித்துத்தான் மணி அடித்தது. புத்தகத்தைத் திறந்தால் முதல் வரி அவள்தான்.

பீர்மேட்டில் பள்ளிக்குன்று கோயில் கல்லறைத் தோட்டத்தில் மன்றோ துரை கிடக்கிறார். அவர் ஏறின குதிரையையும் அங்கேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். குதிரைக்குப் பெயரும் உண்டு, டௌனி. என் தாத்தாவின் அப்பா இந்த மலையில் காடு வெட்ட வந்தவர். அவரை எந்தச் சரிவில் வைத்தார்கள் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. இது எனக்கு ரொம்ப நாள் வயிற்றெரிச்சலாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. தம்பி பெண்டாட்டி உனக்கென்று எடுத்துவைத்த கேக் பொங்கல் வரைக்கும் டப்பாவில் இருந்தது. நான் குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் உடுமலை வந்து, மறையூர் ஏறி, அத்தனை வளைவில் வர உடம்புக்கு முடியாதுதான். ஆனால் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நீ எம்.எஸ்சி. முடித்து டீச்சர் வேலைக்குப் போனபோது நம் லயத்து வரிசை வீடு ஒவ்வொன்றுக்கும் நான் மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொழுந்துக்கூடை தூக்கினவள் மகள், பலகைக்கு முன்னால் நிற்கிறாள் என்று எஸ்டேட் கண்டக்டர் எழுந்து கை கொடுத்தார். அப்படிப்பட்ட பிள்ளை அப்பாவிடம் பேசாமல் இருந்தால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பெட்டிமுடியில் மண் சரிந்தது உனக்கு மறக்காது. 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. எழுபது பேர். லயம் இருந்த இடத்தில் பாறைதான் கிடந்தது. எடுத்தவர்களை ராஜமலையில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். நாலு பேரைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை. சர்க்கார் தேடுவதை நிறுத்திய பிறகும் ஒரு தகப்பன் மகனைத் தேடி ஆற்றோரம் நடந்துகொண்டே இருந்தார். "ஒரு எலும்பாவது கிடைச்சா ஓர் இடத்துல வெச்சிருவேன்" என்கிற மாதிரி ஒரு நடை. உன் அம்மா அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பாப்பா, இதை உன்னிடம் சொல்லாமல் கல்லறைக்குள் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

உனக்கு முன்னால் ஒன்று பிறந்தது. 1988. ஆண். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தது, அழவில்லை. மருத்துவச்சி துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். நானும் பெரியப்பாவும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே போனோம். மழை. குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. பெரியப்பா தலைமாட்டுக்கு ஒரு கல் வைக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். கல் இருந்தால் உன் அம்மா தேடிக்கொண்டு வருவாள், வந்தால் அங்கேயே கிடப்பாள், அடுத்த பிள்ளைக்கு உடம்பு தேறாது என்று நினைத்தேன். மண்ணை மிதித்துச் சமப்படுத்தி, மேலே தழை போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம், "ஆஸ்பத்திரிக்காரங்களே பார்த்துக்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவள் அதை நம்பவில்லை. என் கால்சட்டையில் இருந்த சேற்றை அவள்தான் துவைத்தாள்.

அடுத்த வருஷம் அந்தச் சரிவில் விறகுக்குக் கிராண்டிஸ் தைல மரம் வைத்தார்கள். குழி எடுத்த ஆட்களில் நானும் ஒருத்தன். எந்த இடம் என்று தெரிந்துகொண்டே தள்ளித் தள்ளிக் குழி எடுத்தேன். இரண்டு வருஷத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. மரம் வளர்ந்து, வெட்டி, திரும்ப நட்டார்கள். இப்போது போய் நின்றால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதத்தில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள். "இப்பவாச்சும் சொல்லுங்க." அப்போது சொல்ல என்னிடம் இடம் இல்லை.

மே அம்மாவுக்கு ஏன் பூ என்று நீ கேட்டாயே. உன் அம்மாவுக்குப் பூ வைக்க வேறு இடம் இல்லை.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் நீ கோபமாக இருக்கிறாய். எங்கே என்று நீ கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கிட்டாங்க" என்று அவர் சொன்னார் என்பதும், அதற்குப் பிறகு நீ அவரோடும் சரியாகப் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வார்த்தை அவருடையது இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது. நவம்பரில் நான் ராத்திரி பஸ் பிடித்து வந்தேனே, விடிந்ததும் நானும் அவரும்தான் போனோம். நீ மயக்கத்தில் இருந்தாய். அவர் உன்னிடம் காட்டிவிட்டு எடுத்துப்போகலாம் என்றார். ஒரு பெயர் வைத்துவிடலாம், அவளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். நான்தான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "பொம்பளைப் பிள்ளை தாங்க மாட்டா, மாமா சொல்றேன் கேளுங்க" என்றேன். அப்பா இல்லாத பையன், என்னை அந்த இடத்தில் வைத்து மதிக்கிறவர், கேட்டுக்கொண்டார். அந்தப் பாவம் அவர் மேல் இல்லை.

நேற்று அவரோடு பேசிவிட்டேன். நீ கேட்டால் கூட்டிக்கொண்டு போவார். அவரைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் நீயே போகலாம், நானே வழி எழுதுகிறேன். உங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிற கல்லறைத் தோட்டம்தான். பெரிய கேட் பூட்டியிருக்கும், பக்கத்தில் சின்னக் கதவு உண்டு. நுழைந்ததும் வலது கைப்பக்கச் சுவர் ஓரமாகவே நட. தண்ணீர்த் தொட்டி வரும். தொட்டியைத் தாண்டி முப்பத்திரண்டு எட்டு, என் எட்டுக்கு. உனக்கு நாற்பது இருக்கும். ஒரு வேப்பங்கன்று நிற்கிறது. அதன் அடியில் ஒரு செங்கல்லைப் பாதி புதைத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை கேட்டுக்குப் போன பிறகு தனியாகத் திரும்பி வந்து வைத்தேன். அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. வைக்காமல் வர என்னால் முடியவில்லை.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. நெற்றி உன் அம்மா மாதிரி.

வெயிலுக்கு முன்னால் காலையில் போ. வெறும் வயிற்றோடு போகாதே. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். பெயர் வைக்க வேண்டும் என்று உனக்கு இருந்தால் வை, யாரையும் கேட்க வேண்டாம். செங்கல்லை எடுத்துவிட்டு நல்ல கல் வைக்க எவ்வளவு ஆகும் என்று மாப்பிள்ளையிடம் விசாரிக்கச் சொன்னேன். என் கிராஜுவிட்டியில் மிச்சம் இருக்கிறது, அதிலிருந்து கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

என் மேல் கோபப்படு. அவர் மேல் வேண்டாம். போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிறதாக இருந்தால் தம்பியிடம் சொல், உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறேன். ஏழாம் நம்பருக்குக் கீழே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்த இடம் என்று கை காட்ட முடியாது. அந்தச் சரிவு முழுக்க நடக்கலாம்.

ரோஜாச் செடியில் இன்னும் ஆறு மொட்டு இருக்கிறது.

அன்புள்ள
அப்பா