புதுச் சைக்கிளுக்கு முதல் மாதம்தான் கண்டம்

கடலூர் முதுநகர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

சைக்கிள் படத்தை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நிறம் பிடித்திருக்கிறது. கேரியர் இல்லாததுதான் அவளுக்குக் குறை, “மளிகை வாங்கினால் எங்கே வைப்பாள்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. போனை வைக்கப்போகும்போது நீ, “புதுசுதானேப்பா, ஆறு மாசத்துக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம்” என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் “சரிப்பா சரிப்பா” என்று வைத்துவிடுவாய்.

சிப்காட்டில் இத்தனை வருடம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், நீ நினைப்பதற்கு நேர்மாறு. எந்த மிஷினும் ஓட ஆரம்பித்த புதிதில்தான் இளகும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை நீ போட்டு அடித்தாய், அது தாங்கியது. அதில் பின்னால் ஒரே பல்சக்கரம், தடித்த செயின், கெடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இது கியர் சைக்கிள். கடைக்கு அட்டைப்பெட்டியில்தான் வந்து இறங்கும். முன் சக்கரம், ஹாண்டில்பார், பெடல், சீட் எல்லாவற்றையும் கடைப் பையன் அங்கே மாட்டித் தருவான். அன்றைக்குக் கடையில் எவ்வளவு கூட்டம், அவன் மதியம் சாப்பிட்டானா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் உன் போல்ட்டுகளின் இறுக்கம்.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சைக்கிளை வெளிச்சத்துக்கு இழுத்து வை. முன் சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் திருகிப் பார். சக்கரம் நிற்க ஹாண்டில்பார் மட்டும் திரும்பினால் ஓட்டாதே, கடைக்குத் தள்ளிக்கொண்டு போ. அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டு. ஹாண்டில்பாருக்குக் கீழே ‘டக் டக்’ என்று தட்டினால் அங்கே உள்ளே குண்டுகள் உருளுகிற பால்ரஸ் இறுக்கம் போதாது. சக்கரங்களைக் கொஞ்சம் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் நேராக ஓடுகிறதா பார். ஸ்போக்குகளை இரண்டிரண்டாக விரலால் கிள்ளினால் எது தொளதொளவென்று இருக்கிறது என்று கைக்கே தெரியும். தொளதொளவென்ற ஸ்போக்கோடு இரண்டு பள்ளம் இறங்கினால் போதும், வீல் பெண்டு எடுக்கக் கடையில் நிற்பாய்.

பெடலை முக்கியமாகப் பார். இடது பெடலுக்கு மறை, அதாவது திருகுப் புரி, எதிர்ப் பக்கமாக இருக்கும். இது தெரியாமல் வழக்கம்போலத் திருகி, மறை ஏறாமல் கோணலாக உட்கார்ந்துவிட்டால், மிதிக்க மிதிக்க, பெடலைத் தாங்குகிற தண்டான கிராங்கின் மறையையே அரைத்துவிடும். பிறகு பெடலை மாற்றினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். ஞாபகம் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி முன் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால், இடதானாலும் வலதானாலும் பெடல் இறுகும். 15 எம்.எம். ஸ்பேனர் போதும், என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள்.

ஓட்ட ஓட்ட கேபிள் உறைகள் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காரும். உடனே கேபிள் தளர்ந்த மாதிரி ஆகிவிடும். கியர் போட்டால் ஏறாமல் கடகடக்கும், பிரேக் பிடி ஹாண்டில்பார் வரைக்கும் வரும். சைக்கிள் கெட்டுவிட்டது என்று பயப்படாதே, எல்லாப் புதுச் சைக்கிளுக்கும் உள்ளதுதான். பிரேக் பிடிக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் உருளையாக ஒரு திருகு இருக்கும், அதை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் கேபிள் இறுகும். கியரில் கை வைக்காதே, அது கடைக்காரர் வேலை. பெரும்பாலான கடைகளில் முதல் சர்வீஸ் காசில்லாமல் செய்து தருவார்கள். பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் போய்விடு.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உன்னுடையது டிஸ்க் பிரேக், சக்கரத்தின் நடுவில் இருக்கிற வட்டத் தட்டைப் பிடித்து நிறுத்துவது. புது டிஸ்க் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடின் பூச்சு டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ஒரு வீதியாகப் பார்த்துப் போ. ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாகப் பிடித்து, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவா. திரும்ப வேகம் எடு. முன்னுக்குத் தனியாக, பின்னுக்குத் தனியாக, பதினைந்து இருபது தடவை இப்படிச் செய். முதல் தடவைக்கும் கடைசித் தடவைக்கும் பிடிப்பில் உள்ள வித்தியாசத்தை நீயே பார்ப்பாய். முடிந்த கையோடு டிஸ்க்கைத் தொடாதே, சுட்டுவிடும்.

இங்கே விற்கிற சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன் பிரேக். உன்னுடையதும் அப்படித்தானா என்று தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொள். முன் பிரேக் போட்டால் குப்புற விழுவோம் என்று நம் ஊரில் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். அது தப்பு. பிரேக் பிடித்ததும் உன் எடை முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகிவிடும், அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்துடையது. இரண்டையும் சேர்த்துப் பிடி, முன்னதைப் படிப்படியாக இறுக்கு, பிருஷ்டத்தைச் சீட்டில் பின்னால் தள்ளி உட்கார். மணல், நனைந்த இரும்பு மூடி, நனைந்த வெள்ளைக் கோடு ஆகிய மூன்றின் மேல் மட்டும் முன் பிரேக்கைத் தொடாதே. அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு. நீ இருக்கிற லாஸ்பேட்டையிலிருந்து புதுச்சேரி ஊருக்குள் வரும்போது உனக்கு இறக்கம் என்பதை மறந்துவிடாதே. போகும்போது சுகமாக இருக்கும், சாயங்காலம் திரும்பும்போதுதான் கால் சொல்லும். அந்த ஏற்றத்துக்கு, மிதிக்க முடியாமல் திணறிய பிறகு கியரை மாற்றாதே, ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்று. பாரத்தோடு மாற்றினால் செயின் துள்ளும்.

செயினுக்கு வருகிறேன். கடலை ஒட்டி இருக்கிற நமக்கு முதல் எதிரி உப்புக் காற்று. மழையில் நனைந்த செயினைத் துடைக்காமல் விட்டால் மறுநாளே துரு கண்ணுக்குத் தெரியும். பழைய பனியன் துணி ஒன்றைச் சைக்கிளோடு வைத்துக்கொள். வாரம் ஒரு தடவை செயினைத் துணிக்குள் பிடித்துப் பெடலைப் பின்னால் சுற்றினால் கருப்பு அழுக்கு எல்லாம் வந்துவிடும். அதன் பிறகு சைக்கிள் செயினுக்கென்று விற்கிற எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் கழித்து வெளியே நிற்கிற எண்ணெயைத் துடைத்துவிடு. உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது மண்ணைத்தான் இழுக்கும். தேங்காய் எண்ணெய் விடாதே. ஸ்பிரே மாதிரி அடிக்கவும் அடிக்காதே. பக்கத்திலேயே டிஸ்க் இருக்கிறது, அதில் எண்ணெய் பட்டால் பிரேக் போயிற்று. தப்பித் தவறி டிஸ்க்கில் பட்டுவிட்டால் மெடிக்கலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கிச் சுத்தமான துணியில் துடை. பேடு எண்ணெயை உறிஞ்சியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

செயின் தேய்ந்ததா என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை, உன் பழைய 12 அங்குல ஸ்கேலே போதும். ஸ்கேலின் தொடக்கத்தை, செயின் கண்ணிகளைக் கோக்கிற சிறு ஆணியான ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 24 பின் தள்ளி வருகிற பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டிப் போனால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் காசை விடுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா!

காற்று எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும், அதற்குள் வைத்துக்கொள். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் பழைய சைக்கிளோடு போயிற்று. பஞ்சர் ஆனால் டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார். கருவேல முள்ளின் நுனி அங்கேயே நின்றுகொண்டு புது டியூபையும் குத்தும்.

இனி மழைக்காலம். ஐப்பசி பிறந்தால் புதுச்சேரி வீதிகளில் முழங்கால் தண்ணீர் ஒன்றும் புதிதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் உன் ஊருக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. அப்போது தண்ணீரில் நின்ற சைக்கிள்களைப் பிறகு நான் பிரித்துக் கொடுத்தேன், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் கிரீஸ் இருந்த இடத்தில் சேறு இருந்தது. மேலே கழுவிப் பளபளவென்று வைத்தவர்கள்தான் இரண்டு மாதத்தில் சக்கரம் கரகரக்கிறது என்று வந்தார்கள். சக்கரத்தின் அச்சு வரைக்கும் தண்ணீர் ஏறினால் கண்டிப்பாகப் பிரித்து ஓவராயிலிங் பண்ணச் சொல். தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டவே வேண்டாம், எங்கே வாய்க்கால் மூடி திறந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு வா, இல்லையென்றால் ஆபீசுக்குப் போன் போடு.

ரோட்டில் எப்படிப் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும் என்பாய். தெரியும், ஆனால் நீ ரொம்பவும் ஓரமாகப் போகிறாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓரத்தில்தான் மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். அதோடு, இடம் இருக்கிறதே என்று பஸ்காரன் உன்னை உரசிக்கொண்டு முந்துவான். இடதுபக்கம்தான், ஆனால் ஓரத்திலிருந்து ஒரு கை தூரம் விட்டுப் போ. நிறுத்தியிருக்கிற கார்களுக்குப் பக்கத்தில் கதவு திறக்கிற அளவு இடம் விடு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கடற்கரைப் பக்கத்து வீதிகளில் வெளியூர் வண்டிகள், வாடகை ஸ்கூட்டர்கள். ஓட்டுகிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதைவிடப் படம் எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள். ஒருவழி வீதிகள் நிறைய உள்ள ஊர், சைக்கிள்தானே என்று எதிரில் போகாதே. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் பஸ்ஸின் இடதுபக்கத்தில் போய்ச் சொருகி நிற்காதே. அது திரும்பும்போது டிரைவருக்கு நீ தெரியவே மாட்டாய். பஸ்ஸுக்குப் பின்னால் நில், புகையை வேண்டுமானால் திட்டிக்கொள்.

பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, இரண்டும் இல்லாமல் ஆறு மணிக்கு மேல் கிளம்பக் கூடாது. ரிஃப்ளெக்டர் போதாது, எதிராளியின் வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும். ஹெல்மெட்டைச் சட்டம் கேட்கவில்லை என்றாய், சட்டத்துக்காகவா தலை? புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி வருகிற மாதிரி மாட்டி, நாடியில் வாரைப் பூட்டு. அம்மாவின் கேரியர் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கென்று கேரியர் வருகிறது, சர்வீசுக்குப் போகும்போது மாட்டிக்கொள். அதுவரை பையை ஹாண்டில்பாரில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டு. தொங்குகிற பை ஸ்போக்கில் சிக்கினால் முன் சக்கரம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த ஞாயிறே சைக்கிளில் வீட்டுக்கு வருகிறேன் என்றாயாம். வேண்டாம், முதல் சர்வீஸ் முடியட்டும். லாஸ்பேட்டையிலிருந்து இங்கே 30 கிலோமீட்டர் பக்கம் வரும். விடியும்போதே கிளம்பினால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் எல்லாம் நெரிசல் இல்லாமல் தாண்டிவிடலாம். நோணாங்குப்பம் பாலத்தில் படம் எடுக்க நிற்காதே, தவளக்குப்பத்தில் டீ குடி. கிருமாம்பாக்கத்துக்கு அப்புறம் பஸ்கள் ஒன்றையொன்று துரத்தும், ஆரன் பின்னால் கேட்டால் பதறி வளைக்காமல் நேராகப் போய்க்கொண்டிரு. ஒரு டியூப், கைப்பம்பு, டயர் கழற்றுகிற பிளாஸ்டிக் லீவர் இரண்டு, தண்ணீர், இவை போதும். களைத்துப்போனால் திரும்புகிறபோது சைக்கிளை ரயிலில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போடாதே. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேர்த் தண்டவாளம் கிடையாது, விழுப்புரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போகலாம்.

கிளம்புகிற முந்தின இரவே என்னிடம் சொல்லிவிடு. அம்மாவுக்கு நீ பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம், இல்லையென்றால் விடியவிடிய என்னையும் தூங்கவிடமாட்டாள். ஆல்பேட்டையில் நான் டி.வி.எஸ்ஸோடு நிற்கிறேன். ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா