சேர்த்த மாத்திரையை நிறுத்துவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணனுக்கு 14 வருடமாக பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய். ராத்திரி சாப்பிட்டதும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மனநிலையைச் சீராக வைக்க லித்தியம், வால்ப்ரோயேட், ஓலான்சபின், தூக்கத்துக்குக் குளோனாசெபாம், அப்புறம் ட்ரைஹெக்சிபெனிடில் என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார். அந்த வெள்ளை மாத்திரை எதற்கு என்று போன வருடம் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் தடவை தூக்கமே இல்லாமல் கத்தியபோது ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். அதில் கை கால் விறைத்துப் போனது, விறைப்புக்காகத்தான் இந்த மாத்திரை. ஹாலோபெரிடாலை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், அதன் பக்கவிளைவுக்குக் கொடுத்தது மட்டும் தொடர்ந்தது. ஓபியில் ஒவ்வொரு மாதமும் வேறொரு டாக்டர் இருப்பார், பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதித் தருவார். வாய் வறண்டு, மலம் சிக்கி, சாவியை எங்கே வைத்தோம் என்றே தெரியாமல் அவர் அலைந்ததை நாங்கள் நோயின் கணக்கில் எழுதிவிட்டோம். புதிதாக வந்த ஒரு டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து, சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது மளிகைக் கணக்கை அண்ணன்தான் பார்க்கிறார்.

பல மருந்து கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிடுவதைவிட லித்தியத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேலன்ஸ் என்ற ஆய்வு காட்டியது. நெருக்கடியில் மருந்தைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகு எது இன்னும் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

மற்ற டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் கூட இதைக் கவனிக்க வேண்டும். மே மாத வெயிலில் முட்டிவலி என்று கடையில் கேட்டு டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போட்டார் அண்ணன். நாலாம் நாள் காலையில் கை நடுங்கி காபி முழுக்க லுங்கியில் கொட்டியது, நடையும் தள்ளாடியது. ரத்தத்தில் லித்தியம் 1.9 இருந்தது. வழக்கமாக 0.6 முதல் 1.0 வரைதான் இருக்க வேண்டும். டைக்ளோபெனாக், இபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள், சில பிபி மாத்திரைகள் எல்லாம் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும், வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும் அப்படித்தான். லித்தியம் சாப்பிடுகிறீர்களா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐசியூ வரை போயிருக்காது.

ஒவ்வொரு மருந்துக்கும் எதற்கு, எதுவரை என்று சீட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்க்கும்போதே முழுப் பட்டியலையும் பாருங்கள். இதைப் படிக்கிற குடும்பங்கள் தயவுசெய்து தாங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பும்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு ஓபி. பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரே பைலில் அடுக்கிவிட்டேன். குளோனாசெபாம் இன்னும் வேண்டுமா என்று கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
மதுரை