புதிய பகுதிகளில் எங்கள் அடுப்பு எரியத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அஸ்ஸலாமு அலைக்கும். பிற சமயங்களைச் சார்ந்த எங்கள் நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிமொழி. ஆனால் இம்மடலுக்கு உரியவர்களில் பலர் நன்றியை எதிர்பார்த்து எதையும் செய்தவர்கள் அல்லர். ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளித்துவிட்டு, உங்களிடம் கைம்மாறையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை என்று கூறுகிறவர்களைத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறதே, அந்த வரிசையில் நிற்க விரும்புகிறவர்கள். தங்கள் பெயர் எங்கும் வரக்கூடாது என்று சிலர் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்கள். ஒருவர் பெயரை எழுதி இன்னொருவர் பெயரை விடுவது முறையாகாது என்பதால், எவர் பெயரையும் குறிப்பிடாமல், செய்த உதவியை மட்டும் சொல்கிறோம். யாரைச் சொல்கிறோம் என்பது உரியவருக்குப் புரியும்.

ஹலால் முறையில், வீட்டுப் பக்குவம் மாறாமல் சமைத்த சாப்பாட்டை, பணம் கொடுக்க இயன்றவருக்கும் இயலாதவருக்கும் ஒரே தட்டில், ஒரே மேசையில் பரிமாறுவது எங்கள் உணவகத்தின் வேலை. இது நெடுநாளாக ஒரே இடத்தில்தான் நடந்து வந்தது. இப்போது பெரிய மருத்துவமனையை ஒட்டிய பகுதியிலும், வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் பகுதியிலும், தனித்து வாழும் முதியோர் மிகுந்த பழைய குடியிருப்பிலும் கிளைகள் திறந்திருக்கிறோம். இந்த விரிவாக்கம் ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எளிய காரணம் ஒன்றுதான் இருந்தது. பசித்தவர் நம்மைத் தேடி வர வேண்டும் என்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால், கால் வலிக்கும் முதியவரும், நோயாளியை விட்டு நகர முடியாத உறவினரும் வரவே மாட்டார்கள். பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்து உண்ண வேண்டிய சாப்பாட்டை இலவசம் என்றும் சொல்ல முடியாது.

கிளை திறப்பதற்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்களுக்கு அவற்றையும்விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் பழைய கூடத்தில் யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை தரப்படும்; வெளியே செல்லும் வழியில் உள்ள மூடிய பெட்டியில் அதைப் போட்டுவிட்டுப் போகலாம். உறைக்குள் முழுத்தொகை இருக்கலாம், பாதி இருக்கலாம், வெறும் துஆ (பிரார்த்தனை) எழுதிய சீட்டும் இருக்கலாம். நீண்ட காலப் பழக்கத்தால் வேரூன்றிய இந்த நடைமுறை, முகம் தெரியாத புதிய பகுதிகளிலும் குலையாமல் நிற்குமா என்பதே எங்கள் கவலை. நாங்கள் இன்று நன்றி சொல்லும் உதவிகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு வகையில் இந்த மறைவைக் காப்பாற்றிக் கொடுத்த உதவிகள்.

முதலில், கொடுத்ததைக் காட்டிக்கொள்ளாத கொடையாளர்களுக்கு. புதிய கிளை ஒன்றுக்கு மிகப் பெரிய தொகையைத் தர ஒருவர் முன்வந்தார். இலவசமாக உண்பவர்களைப் படம் எடுத்து வெளியிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மரியாதையோடு மறுத்துவிட்டோம். சொல்லிக்காட்டியும் மனத்தை நோகச் செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்ற இறைவசனத்தை (2:264) ஓதிவிட்டு அடுத்த நிமிடமே படக்கருவியைத் தூக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தி எப்படியோ பரவியபோது, சிறு வியாபாரிகளும், மாதச் சம்பளக்காரர்களும், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த தாய்மார்களும் அந்தப் பள்ளத்தைச் சிறுகச் சிறுக நிரப்பினார்கள். சுவரில் கல்வெட்டுப் பதிக்கலாமா என்று கேட்டதற்கு, அந்தச் செலவில் இன்னும் நான்கு நாற்காலி வாங்குங்கள் என்று பதில் வந்தது. வாங்கிவிட்டோம்.

அடுத்து, ஜகாத் என்னும் கட்டாயக் கொடை தொடர்பாக எங்களுக்கு வழிகாட்டிய ஆலிம் (மார்க்க அறிஞர்) பெருந்தகைக்கும், அவர் சொன்னதைக் கணக்கேடாக மாற்றித் தந்த கணக்காளருக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. கிளைகள் திறக்கிறோம் என்றதும் பலர் தங்கள் ஜகாத் தொகையையே தர முன்வந்தார்கள். ஆனால் ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆன் (9:60) வரையறுத்திருக்கிறது. கட்டட வாடகையும் அடுப்பும் மேசையும் அந்த எட்டில் இல்லை. அதோடு, ஜகாத் பொருள் பெறுபவரின் கைக்கு அவருடைய உடைமையாகவே போய்ச் சேர வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் (மத்ஹபுகளுள்) ஒன்றான ஹனஃபி மரபின் அறிஞர்கள் வைக்கும் நிபந்தனை. ஒருவரை உட்கார வைத்து உண்ணச் செய்வது மட்டும் அந்த உடைமை மாற்றமாகாது என்பது அவர்கள் நிலைப்பாடு. இவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கிய ஆலிம், இறுதியில் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் கூடத்தில் ஜகாத் பணம் செலவாக வேண்டுமானால், உள்ளே வருகிறவர் தகுதியுடையவர்தானா என்று நீங்கள் விசாரித்தாக வேண்டும், விசாரிக்கத் தொடங்கினால் உங்கள் மூடிய பெட்டிக்கு என்ன பொருள்?

அதற்குப் பிறகு வழி தெளிவாயிற்று. உணவுக் கூடங்களின் செலவு முழுவதும் ஸதகா என்னும் விருப்பக் கொடையிலிருந்தும், பணம் கொடுத்து உண்பவர்களின் வரவிலிருந்தும் நடக்கிறது. ஸதகாவுக்கு அந்த எட்டு வகை வரம்பு கிடையாது. எந்தச் சமயத்தவருக்கும், யாரென்று கேட்காமல், அதிலிருந்து உணவளிக்கலாம். ஜகாத் தர விரும்பியவர்களின் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, தகுதி உறுதியான குடும்பங்களுக்கு அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் விருப்பப்படி செலவு செய்துகொள்ளும் பணமாகக் கையளிக்கப்படுகிறது. இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று கலவாதபடி, ஒவ்வொரு மாதமும் கூலி எதுவும் பெறாமல் சரிபார்த்துத் தரும் கணக்காளர் எங்களிடம் அடிக்கடி கோபித்துக்கொள்வார். அந்தக் கோபத்துக்கும் சேர்த்தே நன்றி.

மருத்துவமனைக்கு அருகில் கிடைத்த இடம், முன்பு பன்றி இறைச்சியும் சமைக்கப்பட்ட உணவகம். இடத்தை விட்டுவிடலாம் என்றே எங்களில் பலர் நினைத்தோம். ஹலால் அல்லாத உணவுக்குப் பயன்பட்ட இடத்தையும் கருவிகளையும், இஸ்லாமிய விதிப்படி முறையாகத் தூய்மைப்படுத்திய பின் ஹலால் உணவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை, உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1997இல் வெளியிட்ட ஹலால் வழிகாட்டு நெறிகளே ஏற்கின்றன என்று சான்றளிக்க வந்த அதிகாரி எடுத்துச் சொன்னார். ஷாஃபிஈ மத்ஹபின் படி, அவ்வகை அசுத்தம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். வேறு மத்ஹபுகளில் இதைவிட எளிய வழி உண்டு என்றாலும், எல்லோரும் ஐயமின்றி உண்ண வேண்டும் என்பதற்காகக் கடினமான வழியையே தேர்ந்தெடுத்தோம். சமையலறைத் தளத்தையும் தொட்டிகளையும் கழுவ இளைஞர்கள் திரண்டு வந்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பக்கத்துத் தேவாலயத்தின் தோட்டக்காரர் சுத்தமான மண்ணைச் சலித்து எடுத்து வந்ததும், காரணத்தைக் கேட்டறிந்துகொண்டு தாமே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டதும். பழைய பொரிகலன்களையும் வெட்டுப் பலகைகளையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்ட கட்டட உரிமையாளருக்கும் எங்கள் நன்றி உரியது.

ஹலால் என்பது அறுப்போடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்த இறைச்சி வியாபாரியையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு சுமையோடும் அறுப்புச் சான்றைத் தருவதோடு நில்லாமல், எங்கள் மளிகைப் பட்டியலை வாங்கிப் பார்த்து, இனிப்பில் சேரும் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது, பாலாடைக்கட்டியை உறையச் செய்த ரென்னெட் எந்த விலங்கினுடையது, வெனிலா சாற்றில் ஆல்கஹால் உண்டா, சூப்புக் கட்டிகளில் உள்ள கொழுப்பு எது என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பொருள் விற்க வந்தவர் வாங்குபவருக்குச் சந்தேகப்படக் கற்றுத்தருவது வியாபாரத்தில் அரிது.

நகராட்சியின் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தபோது நாங்கள் அஞ்சியது உண்மை. அவரோ குறை எழுதுவதைவிடக் கற்பிப்பதில் அதிக ஆர்வம் காட்டினார். நெடுநேரம் மெல்லிய தீயில் வெந்த இறைச்சிக் குழம்பும் பெருந்தேக்சாச் சோறும் எங்கள் உணவகத்தின் உயிர். ஆனால் அத்தகைய கெட்டியான உணவுதான் நடுவில் மிக மெதுவாக ஆறும், வெப்பத்தைத் தாங்கி எஞ்சிய பாக்டீரியா வித்துகள் அந்த இளஞ்சூட்டில் பெருகும் என்று விளக்கினார். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருப்பது, ஆற வைக்க வேண்டியதை உடனே ஆழமற்ற தட்டுகளில் பிரித்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோவது, இடைப்பட்ட வெப்பத்தில் எதையும் தேங்கவிடாதிருப்பது ஆகியவை இப்போது எல்லாக் கிளைகளின் சுவரிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே மையச் சமையலறையில் சமைத்து வண்டியில் அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் அடுப்பு வைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களே அடிப்படை. சமைக்கும் வாசனை தெருவில் பரவுவதால் தயங்கி நிற்பவரும் உள்ளே வருகிறார் என்பது பிறகு தெரிந்த கூடுதல் நன்மை.

எங்கள் உற்சாகத்துக்குக் கடிவாளம் போட்ட நண்பர்களை மறக்க முடியாது. அமெரிக்காவில் பனேரா என்னும் பெரிய உணவக நிறுவனம், இயன்றதைக் கொடுத்து உண்ணும் கிளைகளை 2010இல் தொடங்கியதையும், அவற்றுள் கடைசிக் கிளை 2019இல் மூடப்பட்டதையும் எடுத்துக்காட்டி, அத்தனை வசதி படைத்தவர்களுக்கே தாங்காததை நீங்கள் எதை வைத்துத் தாங்குவீர்கள் என்று கேட்டார்கள். அதே நண்பர்கள்தாம், உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1552இல் ஜெரூசலத்தில் நிறுவிய உணவுச் சாலை இன்றும் ஏழைகளுக்கு உணவளித்து வருவதையும், அது கிராமங்களின் வருவாயை வக்ஃபாக, அதாவது அறத்துக்கென நிலையாக ஒதுக்கிய கொடையாகப் பெற்றுத் தொடங்கியதையும் நினைவூட்டினார்கள். அந்த உரையாடலின் பயனாக, ஒரு குடும்பம் தனக்குச் சொந்தமான இரண்டு கடைகளின் வாடகையை எங்கள் அறக்கட்டளைக்கு நிரந்தர வக்ஃபாக எழுதிக்கொடுத்திருக்கிறது. கூட்டம் குறைந்த மாதத்திலும் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் யாரிடமும் கையேந்த வேண்டாத நிலையை அந்த வாடகைதான் தருகிறது. பத்திரத்தைச் சட்டப்படி பதிவு செய்து கொடுத்த வழக்கறிஞர் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். வாரத்தில் ஒரு நாள் மதியம் வந்து உண்டு, கனமான உறையைப் பெட்டியில் போட்டுவிட்டும் போகிறார். பெட்டி திறக்கும்போது எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் அவர் உறையில் முத்திரை குத்திவிடுகிறார், என்ன செய்வது.

பழைய குடியிருப்பில், கூட்டமும் குப்பையும் சேரும் என்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்த குடியிருப்போரில் சிலர், ஒரு மாலை வந்து உண்டு பார்த்தபின் தாங்களே தெருவைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அருகிலுள்ள மற்ற உணவகத்தார் எங்களைப் போட்டியாகக் கருதாமல், மூடும் நேரத்தை மாற்றி அமைத்து ஒத்துழைத்தார்கள்.

எங்கள் சமையற்காரர்கள், பரிமாறுவோர், பாத்திரம் துலக்குவோர் அனைவருக்கும் முழுச் சம்பளம் தரப்படுகிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது நபிமொழி. தொண்டு என்ற பெயரில் அதைக் குறைக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதனால் அவர்கள் செய்ததற்கு நன்றி தேவையில்லை என்று ஆகிவிடாது. யார் பணம் கொடுக்காதவர் என்பதை ஓரளவு ஊகிக்கக்கூடியவர்கள் பரிமாறுவோர் மட்டுமே. அவர்கள் கரண்டி எந்தத் தட்டிலும் சிறுத்ததில்லை. விடியற்காலையில் வந்து வெங்காயம் உரித்துவிட்டு, கூடம் திறக்கும் முன்பே வேலைக்குப் போய்விடும் தன்னார்வலர்களும் எங்கள் மனத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக, பணம் கொடுக்காமல் உண்டு செல்பவர்களுக்கு. உங்களிடமிருந்து நாங்கள் பெற்றது ஏராளம். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்த பிறகுதான் துணைக்கு வந்தவர்களுக்குப் பசி தெரியும், ஆகவே இரவில் அடுப்பை அணைக்காதீர்கள் என்று சொன்னவர் உங்களில் ஒருவர். முதியோருக்கு உப்பும் காரமும் குறைந்த ஒரு குழம்பு தனியாக வேண்டும் என்றும், பல் இல்லாதவருக்கு இறைச்சி இன்னும் குழைய வேண்டும் என்றும் சொன்னவர்களும் நீங்களே. இன்று அந்தக் குழம்பைத்தான் பணம் கொடுப்பவர்களும் விரும்பிக் கேட்கிறார்கள்.

வரும் ரமலானில், நோன்பு நோற்பவர்களுக்கு மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாரும், விடியுமுன் உண்ணும் ஸஹரும் எல்லாக் கிளைகளிலும் உண்டு. நோயாளிகள், பயணிகள், பிற சமயத்தவர்கள் ஆகியோருக்காகப் பகலிலும் சமையலறை இயங்கும். உணவு பொட்டலமாகத் தரப்படும், காரணம் எதுவும் கேட்கப்படாது. அந்த மாதத்தில் வெங்காயம் உரிக்கவும் பொட்டலம் கட்டவும் கூடுதல் கைகள் தேவைப்படுகின்றன. ஜகாத் தர விரும்புவோர் உறையின் மேல் அவ்வாறே எழுதித் தருமாறும், மற்றவர்கள் உறையின் மேல் எதையும் எழுதாமல், முத்திரையும் குத்தாமல் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு கணக்கேடுகளும் ஒவ்வொரு கிளையிலும் கல்லாவுக்கு அருகில் இருக்கும். எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினரும் சமையலறைத் தோழர்களும்