உப்பை ஆற்றில் விடாத வணிகம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பௌத்த நெறியும் வணிகமும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை தியானம், மன அமைதி என்பதோடு நின்றுவிட்டது. புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்னவை கணக்குவழக்கு வரை போகின்றன. வருமானத்தில் ஒரு பங்கை அனுபவி, இரு பங்கைத் தொழிலில் போடு, நான்காம் பங்கை ஆபத்துக்கு வை என்று சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொல்கிறார். ஆளின் பலத்துக்கேற்ற வேலை, உணவு, கூலி, நோயில் பராமரிப்பு, உரிய ஓய்வு ஆகியவை முதலாளியின் கடமைகள் என்கிறார். தேனீயைப் போலப் பொருள் சேர்க்கச் சொல்வதும் அங்கேதான். தேனீ பூவைக் கெடுப்பதில்லை.

பாலாற்றங்கரையில் நடந்ததோ வேறு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்ற ஆய்வை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். மாசுபடுத்தியவர்களிடமிருந்து இழப்பீட்டை வசூலிக்க 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீரைக் குடத்தில் வைத்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் படிகிறது. குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

புத்தர் விலக்கச் சொன்ன ஐந்து வணிகங்களில் நஞ்சு விற்பதும் இறைச்சி விற்பதும் உண்டு. அதனால் தோல் தொழிலே கூடாது என்பாரும் இருக்கலாம். ஆம்பூரில் விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தவர் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். நான் கேட்பது நஞ்சை நிறுத்தத்தான். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வருகிறது. ஊறப்போடும் முன் அந்த உப்பை உதறி எடுத்துவிட்டால் கழிவுநீரில் சேரும் உப்பு குறையும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஆள்கூலியும் கவனமும் போதும். ஆவாரம்பட்டையால் பதனிடும் பழைய முறையும் இங்கே இருந்ததுதான். இன்று தோல் பதனிட உதவும் குரோமிய வேதிப்பொருளை அளவோடு பயன்படுத்தி, மீட்டு மறுபடி பயன்படுத்தும் வழிகளும் உள்ளன. இரண்டு பங்கைத் தொழிலில் போடும்போது இவையும் அந்தக் கணக்கில் வரவேண்டும்.

வெளிநாட்டு வாங்குவோருக்கு ஆங்கிலத்தில் பசுமை அறிக்கை அனுப்பும் நிறுவனங்கள், தங்கள் கழிவுநீரின் உப்பளவைத் தமிழில் எழுதி மாதந்தோறும் வாசலில் ஒட்டட்டும். அந்த அளவுகளைத் தங்கள் இதழ் வெளியிட முன்வர வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர்,
வாணியம்பாடி